தாசில்தார் வரும்வரை

சேசு மரி சூசை துணை

ஆலங்கரை, சீர்காழி வழி
28.11.1983

அன்புத் தம்பி சகாயநாதனுக்கு அக்கா செபஸ்தியம்மாள் ஆசீர்வாதத்துடன் எழுதுவது.

இங்கே எல்லோரும் சுகம். அங்கே குளிர் வாட்டுகிறது என்று எழுதியிருந்தாய். காதை மூடிக்கொண்டு வெளியே போ. சின்னப் பிள்ளையிலிருந்தே குளிர் வந்தால் உனக்குக் காதுதான் முதலில் நோகும்.

அப்பா காலமானதும் குத்தகைப் பதிவில் என் பெயரைச் சேர்க்க மனுக் கொடுத்தேன் அல்லவா, அதற்குப் பண்ணையார் மகன் அரசப்பன் எதிர்மனு போட்டுவிட்டான். "குத்தகைக்காரன் செத்துட்டான். மகன் சீமையில டாக்டரு. பொம்பளையா வந்து ஏர் புடிக்கப் போறா?" என்று தாலுகா ஆபீசிலேயே கேட்டானாம். அறுவடைக்கு முன்னால் தாசில்தார் நேரில் வந்து, வயலில் யார் இருக்கிறார்கள் என்று பார்த்துத்தான் எழுதுவாராம். அதுவரை வயலை விட்டு நகராதே என்று விவசாயிகள் சங்கத்தில் சொல்லிவிட்டார்கள். களத்துமேட்டில் கொட்டகை போட்டுக்கொண்டு அங்கேயே இருக்கிறேன். துணைக்கு நம் தெரு ராஜாத்தி இருக்கிறாள்.

களை எடுக்கும்போது நத்தை ஓடு காலைக் கிழித்துவிட்டது. எனக்குத் தெரியவே இல்லை. "அக்கா, தண்ணி செவக்குது பாருங்க" என்று ராஜாத்தி சொன்ன பிறகுதான் குனிந்து பார்த்தேன். வலியே இல்லை. அதனால் நீ பயப்பட வேண்டாம்.

அன்பு அக்கா,
செபஸ்தியம்மாள்

எடின்பரோ
9.12.1983

அன்புள்ள அக்காவுக்கு,

வலிக்கவில்லை என்று நீ எழுதியதைப் படித்துத்தான் எனக்குப் பயம் வந்தது. உன்னைப்போல் பல வருஷமாகச் சர்க்கரை ஏறிக் கிடந்தால் காலில் நரம்பு செத்துவிடும். கீறலும் தெரியாது, சீழும் தெரியாது. தயவுசெய்து சேற்றில் இறங்காதே. சீர்காழி ஆஸ்பத்திரிக்குப் போய்ப் புண்ணைக் காட்டு. தினமும் சிறுநீரை நீல மருந்தில் சோதித்து, அது எந்த நிறத்துக்கு மாறுகிறது என்று எனக்கு எழுது.

நான் இங்கே என்னதான் செய்கிறேன் என்று முன்பு கேட்டிருந்தாய். உன்னிடம் எப்படிச் சொல்வது என்று இத்தனை நாள் தயங்கினேன். புண்ணிலிருந்து கிருமி இரத்தத்தில் கலந்து உடம்பெல்லாம் நஞ்சாகிறபோது, இரத்தத்தில் சர்க்கரையும் கூடியிருந்தால் கல்லீரல் என்ன ஆகிறது என்று எலிகளை வைத்துப் பார்க்கிறேன். வேலை முடிந்து அறைக்குத் திரும்பும் வழியெல்லாம் உன் கால் நினைவுதான்.

நிலம் போனால் போகட்டும் அக்கா. நான் சம்பாதிக்கிறேன்.

உன் தம்பி,
சகாயம்

சேசு மரி சூசை துணை

ஆலங்கரை
26.12.1983

அன்புத் தம்பிக்கு,

கிறிஸ்து பிறப்புத் திருவிழாப் பூசைக்குப் போகவில்லை. கோயில் மணி இங்கே வரை கேட்டது. கொட்டகையிலிருந்தே சிலுவை போட்டுக்கொண்டேன்.

நிலம் போனால் போகட்டும் என்று எழுதிவிட்டாய். அப்பா இந்த மண்ணில் கூலியாக இறங்கி, குத்தகைக்காரராகக் கரையேறினார். பண்ணை ஆட்கள் வைக்கோல் போருக்கு நெருப்பு வைத்தபோதும் அவர் ஓடவில்லை. உனக்கு அப்போது விவரம் தெரியாத வயது. நீ சம்பாதித்து எனக்குச் சோறு போடுவாய், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் பதிவில் என் பெயர் ஏறினால் நான் யார் தயவிலும் இல்லை. அதை உனக்கு எப்படி விளங்க வைப்பேன்?

தாசில்தார் வருகை பொங்கலுக்குப் பிறகு என்று தள்ளிப் போய்விட்டது. பக்கத்து ஊர்த் தகராறில் சங்கத்து ஆண்களைப் பிடித்து உள்ளே வைத்திருக்கிறார்கள். இந்த நேரத்தில் நான் ஆஸ்பத்திரியில் போய்ப் படுத்தால் மறுநாளே அரசப்பன் ஆட்கள் வயலில் நிற்பார்கள்.

புண் ஆறவில்லை. கொஞ்சம் வாடை வருகிறது. ராஜாத்தி துணி மாற்றிக் கட்டுகிறாள். நீ சொன்னபடி நீல மருந்தில் சிறுநீர்ச் சொட்டு விட்டுக் காய்ச்சிப் பார்த்தேன். முன்பெல்லாம் பச்சையோடு நிற்கும். இப்போது செங்கல் நிறத்துக்கு வந்துவிட்டது, சர்க்கரை உச்சத்தில் என்றுதானே அர்த்தம். எனக்கு ஒன்று புரியவில்லை. வாய் கசந்து, கஞ்சியைத் தவிர ஒன்றும் உள்ளே போகவில்லை. சாப்பிடாத உடம்பில் சர்க்கரை எங்கிருந்து வருகிறது? சாப்பாடே இல்லையே, இன்சுலின் ஊசியைக் குறைத்துக்கொள்ளலாமா என்று பார்க்கிறேன்.

உன் எலிகள் பிழைத்தனவா? அதை எழுதவில்லையே.

அக்கா,
செபஸ்தியம்மாள்

எடின்பரோ
5.1.1984

அக்கா,

ஊசியைக் குறைக்காதே. நிறுத்தவே நிறுத்தாதே. இந்தக் கடிதத்தில் வேறு எதைப் படிக்காவிட்டாலும் இதைப் படி.

அந்தச் சர்க்கரை உன் கல்லீரலிலிருந்து வருகிறது. நல்ல நாளில் அது நம் வீட்டு நெல்லுக் குதிர் மாதிரி. மிஞ்சியதைச் சேர்த்து வைக்கும், தேவைக்கு அளந்து கொடுக்கும். "போதும், நிறுத்து" என்று அதற்குச் சொல்வது நீ போட்டுக்கொள்ளும் இன்சுலின். உடம்பில் நஞ்சு பரவும்போது கல்லீரல் அந்தச் சொல்லைக் கேட்பதில்லை. இரத்தத்தில் சர்க்கரை நிறைந்து வழிந்தாலும், பஞ்சம் வந்ததுபோல் மேலும் மேலும் செய்துகொண்டே இருக்கும். அதற்காக உன் தசையைக் கரைக்கும். கிருமியை விழுங்க வேண்டிய இரத்த அணுக்கள் அந்தச் சர்க்கரையில் மந்தமாகிவிடும். கடைசியில் கல்லீரலே தளர்ந்துபோகும். உடம்பில் சேரும் அமிலத்தை அதனால் சுத்தம் செய்ய முடியாது. பித்தம் உள்ளேயே தேங்கும். அப்போது கண் மஞ்சளாகும்.

கண்ணாடியில் கண்ணைப் பார். காய்ச்சலோ நடுக்கமோ கண்டால் அரை நாள்கூடத் தாமதிக்காதே. தஞ்சாவூர்ப் பெரிய ஆஸ்பத்திரியில் என்னோடு படித்த நண்பர் இருக்கிறார், அவருக்கும் எழுதியிருக்கிறேன். ரைஸ் மில் அல்லா பிச்சை அண்ணனிடம் போன் இருக்கிறது, லாரியும் இருக்கிறது. அவருக்கும் தனியாக எழுதுகிறேன்.

எலிகளைப் பற்றி நீ ஆஸ்பத்திரியில் சேர்ந்த பிறகு எழுதுகிறேன்.

சகாயம்

சேசு மரி சூசை துணை

ஆலங்கரை
18.1.1984

தம்பி,

எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். பொங்கலிலிருந்து காய்ச்சல். உன் கடிதம் நேற்றுத்தான் வந்தது. அதற்குள் ஊசியை நிறுத்தி வைத்திருந்தேன். கெடாமல் இருக்கப் பானைத் தண்ணீரில் வைத்திருந்த மருந்தை எடுத்து இன்று காலை போட்டுக்கொண்டேன். அப்படியும் செங்கல் நிறம்தான். எவ்வளவு தண்ணீர் குடித்தாலும் நாக்கு ஒட்டிக்கொள்கிறது. ராஜாத்தி என் கண்ணைப் பார்த்துவிட்டு வெளியே போய் நின்றாள். எனக்கு விளங்கிவிட்டது.

அல்லா பிச்சை அண்ணன் லாரியோடு வந்தார். "ஏறு தங்கச்சி, நான் வயலைப் பாத்துக்கறேன்" என்றார். அவர் நின்றால் அவர் சாகுபடி என்று எழுதிவிடுவார்களே. தாசில்தார் நாளையோ மறுநாளோ வந்துவிடுவார். கதிர் சாய்ந்து கிடக்கிறது. இந்தச் சமயத்தில் போக மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். "மயங்கி விழுந்தாலும் தூக்காதீங்கண்ணே. தாசில்தார் வரும்போது நான் இங்கதான் கிடக்கணும்" என்று அவரிடமும் ராஜாத்தியிடமும் சத்தியம் வாங்கியிருக்கிறேன். அவர் அழுதார், பாவம்.

நீ எழுதியதெல்லாம் விளங்காமல் இதைச் செய்யவில்லை. விளங்கித்தான் செய்கிறேன்.

அக்கா

எடின்பரோ
20.1.1984

அன்புள்ள அக்காவுக்கு,

இதைத் தஞ்சாவூர் ஆஸ்பத்திரி முகவரிக்கு எழுதுகிறேன்.

அல்லா பிச்சை அண்ணனிடமிருந்து தந்தி வந்தது. மில் போனுக்கு டிரங்க் கால் பதிவு செய்தேன். காத்திருந்து ஒருவழியாகக் கிடைத்தது. "தம்பி, அக்காவுக்குப் பேச்சு கொழறுது. கண்ணு மஞ்சக் கிழங்கா இருக்கு. தூக்கக் கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருக்காங்க. நான் என்ன செய்யட்டும், நீங்க சொல்லுங்க" என்றார்.

தூக்குங்கள் என்றேன். சத்தியம் என் தலையில் இருக்கட்டும் என்றேன்.

நீ கேட்டதற்கு இப்போது பதில் சொல்கிறேன். சர்க்கரையை இறக்காமல் விட்ட எலிகளில் ஒன்றிரண்டுதான் தப்பின. செத்தவற்றின் கல்லீரலை வெட்டிப் பார்த்தவன் நான். இன்சுலினைத் தொடர்ந்து ஏற்றிச் சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்தவற்றில் பாதிக்கு மேல் பிழைத்தன. இதைத் தெரிந்துகொண்டு உன்னைக் கொட்டகையில் விட்டுவைக்க என்னால் முடியவில்லை.

கோபப்படு. பிழைத்து எழுந்து கோபப்படு.

உன் தம்பி,
சகாயம்

சேசு மரி சூசை துணை

சீர்காழி
14.3.1984

அன்புத் தம்பி சகாயநாதனுக்கு அக்கா எழுதுவது.

உன் கடிதங்கள் எல்லாம் வந்தன. பதில் எழுத இப்போதுதான் மனம் வந்தது.

உயிரோடு இருக்கிறேன். கட்டு மாற்றுவதற்காகச் சீர்காழி ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் தங்கியிருக்கிறேன். இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். உன் நண்பர் தங்கமான மனிதர். இரவு பகலாக மருந்து ஏற்றிச் சர்க்கரையை இறக்கினாராம். கண் வெளுக்க நாளாயிற்று. இன்னும் தாமதித்திருந்தால் கல்லீரல் திரும்பியிருக்காது என்று அவர் சொன்னார். நீ எழுதியது அத்தனையும் சரி. ஒரு சொல் தப்பில்லை.

என்னை லாரியில் ஏற்றிய மறுநாள் தாசில்தார் வந்தார். கொட்டகையில் அரசப்பன் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். ராஜாத்தி ஓடிப்போய், "எங்க அக்கா ஆஸ்பத்திரியில இருக்காங்கய்யா, அவங்க நட்ட பயிருங்க இது" என்று காலில் விழுந்தாளாம். அவர் அதை எழுதிக்கொள்ளவில்லை. போலீஸ் காவலோடு அறுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அப்பா பெயரையும் பதிவிலிருந்து எடுத்தாகிவிட்டது.

சங்கத்துக்காரர்கள் வெளியே வந்துவிட்டார்கள். அப்பீல் போடலாம் என்கிறார்கள். இன்னொரு வாரிசு என்று உன் கையெழுத்தும் வேண்டும் என்றார்கள். வேண்டாம், என் கையெழுத்து மட்டும் போதும் என்றேன். கம்பு ஊன்றிப் போய்ப் போட்டுவிட்டு வந்தேன்.

நான் நினைவு தப்பிக் கிடந்தேன், அதனால் நீ முடிவு செய்தாய் என்று அதற்குப் பிறகு வந்த மூன்று கடிதத்திலும் எழுதியிருக்கிறாய். நினைவு தப்புவதற்கு முன்பே நான் முடிவு செய்துவிட்டேனே, சகாயம். பைத்தியக்காரத்தனமான முடிவாகவே இருக்கட்டும். அது என்னுடையது அல்லவா? பொம்பளையா வந்து ஏர் புடிக்கப் போறா என்று அரசப்பன் சொன்னபோது எனக்கு வலிக்கவில்லை. அவன் அப்படித்தான் சொல்வான்.

நீ என்னைக் காப்பாற்றினாய். யாரிடமும் அதை மறைக்க மாட்டேன். தம்பிதான் காப்பாற்றினான் என்றுதான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

கொஞ்ச காலத்துக்குக் கடிதம் போடாதே. நீ போட்டால் நான் பிரித்துவிடுவேன். பிரித்தால், அங்கே குளிர் எப்படி, சாப்பாடு எப்படி என்று பதில் எழுத உட்கார்ந்துவிடுவேன். இப்போது எனக்கு உன்மேல் கோபமாக இருக்க வேண்டும்.

செபஸ்தியம்மாள்