நடுவில் நீ விட்ட வெளிச்சம்

மச்சான்,

இன்று காலை ஏழடிப் பலகைகள் இரண்டை விளிம்போடு விளிம்பு சேர்த்து நிறுத்திப் பார்த்தேன். முனைகள் இரண்டும் தொட்டுக்கொண்டிருந்தன. நடுவில் மட்டும் நூலளவு வெளிச்சம். அப்படித் தெரியும்படி நானேதான் சீவியிருந்தேன். பசை பூசி, பலகைகளை இறுக்கும் கிளாம்பை முறுக்கியதும் வெளிச்சம் மறைந்தது. உன் நினைப்பில் எனக்கு முகம் சுட்டது.

நம் பங்குக் கோயிலுக்கு நீள மேசை செய்த நாட்களைத்தான் சொல்கிறேன். சனிக்கிழமைகளில் கடுகண்ணாவையிலிருந்து பஸ் ஏறி என் வீட்டுக் கராஜுக்கு வருவாய். நாம் படிப்பித்த பாடசாலையில் அந்த வருடந்தான் உன்னை உப அதிபராக்கியிருந்தார்கள். நீ எனக்கு மூன்று வருடம் பிந்திச் சேர்ந்தவன்; என்னிடமிருந்த பட்டம் உன்னிடம் இல்லை. அந்த நியமனம் அநியாயம் என்றே இன்றும் நினைக்கிறேன். இனி அதை உன்னிடம் மறைத்து என்ன?

மரவேலையிலும் உன் கைதான் நேர். அன்று பலகைகளின் விளிம்பைச் சீவி முடித்துவிட்டுச் சொன்னாய்: "நடுவுல வெளிச்சம் தெரியும், பயந்துராத மச்சான். வேணும்னுதான் விட்டிருக்கேன். முனைதான் முதல்ல காஞ்சு சுருங்கும். அது நல்லா இறுகி நிக்கணும்."

"பிழைக்கு இப்படி ஒரு விளக்கமா?" என்றேன்.

"உப அதிபர் சொன்னா கேக்கணும்," என்று சிரித்துக்கொண்டே பஸ்ஸுக்கு ஓடினாய்.

வெறும் பகிடி. அது எனக்கு எங்கே தைத்தது என்று உனக்குத் தெரியாது. நீ போனதும் சீவுளியை எடுத்தேன். வெளிச்சம் முற்றாக மறையும்வரை முனைகளைச் சீவினேன். கை மிஞ்சி முனைகள் சற்றுத் தாழ்ந்தும்விட்டன. கிளாம்பு இழுத்துக்கொள்ளும் என்று ஒட்டிவிட்டேன். உன்னிடம் சொல்லவில்லை.

பெப்ரவரி வெயிலில் மரம் காய்ந்து மேசையின் இரு முனைகளிலும் ஒட்டு வாய்பிளந்தது. பூசை முடிந்து எல்லாரும் தேநீரோடு சுற்றி நின்றோம்.

"யார் சேர் இதச் சீவினது?" என்று கேட்டார் பங்குச் சபைச் செயலாளர்.

"விளிம்பு வேலை முழுக்க இவர்தான்," என்று உன்னைக் காட்டினேன்.

"அப்ப இந்த சேர் செய்யிற கதிரையில பாத்துத்தான் உக்காரணும்!" என்றார் செயலாளர்.

சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நீ குனிந்து அந்தப் பிளவில் நகத்தை மெல்ல ஓட்டினாய். பிறகு என்னைப் பார்த்தாய். உன் கை சீவிய விளிம்பு உனக்குத் தெரியாதா? நான் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"என் கவனக்குறைவுதான் ஃபாதர். திருத்தித் தர்றேன்," என்று பங்குத் தந்தையிடம் சொன்னாய்.

மேசையை உன் வீட்டுக்குக் கொண்டுபோய், ஒட்டை அறுத்து, புதிதாகச் சீவி ஒட்டித் தந்தாய். ஆனால் பங்குச் சபைக் கூட்டத்தில் கோயிலுக்குப் புதுப் பூசைப் பீடம் செய்யும் பேச்சு வந்தபோது உன் பெயரை யாரும் எடுக்கவில்லை. அதைச் செய்யத்தான் நீ ஆசைப்பட்டிருந்தாய். கொப்பித் தாளில் வரைந்திருந்த படத்தை எனக்கு மட்டும் காட்டியிருந்தாய். வேலை டவுனில் ஒரு கடைக்குப் போயிற்று. அந்தக் கூட்டத்தில் நானும் இருந்தேன். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும்.

அதற்குப் பிறகும் நீ என்னோடு பேசினாய். மடவளைப் பக்கம் மரம் பார்க்கக்கூடக் கூட்டிப்போனாய். என் கராஜில் மட்டும் சீவுளியைத் தொடவில்லை. உன் அடக்கத்தன்று என்னைப் பேசச் சொன்னார்கள். நீ நேரம் தவறாதவன் என்று பேசிவிட்டு இறங்கினேன்.

போன வாரம் ஃபாதரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "எந்த மேசை சேர்?" என்றார். செயலாளருக்கும் நினைவில்லை. நம்பியவர்கள் மறந்துவிட்ட பொய்யை இனி யாரிடம் போய்த் திருத்துவது?

பீடம் மட்டும் அங்கே நிற்கிறது. நன்றாகத்தான் செய்திருக்கிறார்கள். ஞாயிறுதோறும் நற்கருணை அப்பம் வாங்க அதன் முன்னால் போய்க் கை நீட்டுகிறேன். "ஆமென்" என்று சொல்லக் குரல் எழும்புவதில்லை.