‘ஆழ்ந்த இறங்கல்’ ஒட்டியிருந்த சுவர்

அனுப்புநர்:
காலஞ்சென்ற பள்ளி வேன் ஓட்டுநரின் மனைவி,
துப்புரவுப் பணியாளர்,
நடுநிலைப் பள்ளி.

பெறுநர்:
கல்வி அலுவலர் அவர்கள்,
கல்வி அலுவலகம், இரண்டாம் மாடி.

பொருள்: ஐந்தாம் வகுப்புச் சுவரில் எழுத்துப் பிழையை ஒட்டி வைத்ததாகப் பயிற்சி ஆசிரியையின் சான்றிதழ் நிறுத்தப்பட்டது – மேற்படி பிழை எனக்குச் சொந்தமானது – சான்றிதழ் வழங்கக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: பயிற்சி நிறுவன விரிவுரையாளர் அனுப்பி, எங்கள் பள்ளி அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்ட குறிப்பாணை.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். நான் இந்தப் பள்ளியில் பன்னிரண்டு வருடமாகக் கூட்டித் துடைக்கும் வேலை பார்க்கிறேன். படிப்பு நாலாம் வகுப்பு வரைதான். அதற்கு மேல் போகாததற்கு வறுமை காரணம் இல்லை, ‘ற’தான் காரணம். சின்ன ர வரவேண்டிய இடத்தில் பெரிய ற போடுவேன், பெரிய ற இடத்தில் சின்ன ர போடுவேன். ஒவ்வொரு தப்புக்கும் ஒரு மணி நேரம் வகுப்புக்கு வெளியே நிற்க வேண்டும். நின்று நின்று பழகி, ஒருநாள் அப்படியே வீட்டுக்கு நடந்துவிட்டேன். இந்த மனுவை எழுதுவது நானேதான். ர, ற இரண்டை மட்டும் ஐந்தாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி பார்த்துக் கொடுத்தாள்.

1. என் வீட்டுக்காரர் பள்ளி வேன் ஓட்டினார். பத்தொன்பது நிறுத்தம். ஒவ்வொன்றிலும் “இறங்கு, இறங்கு, பாத்து இறங்கு” என்பார். பிள்ளைகள் அவருக்கு ‘இறங்கு மாமா’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள். நாங்கள் இருவரும் எங்காவது பஸ்ஸில் போனால்கூட முன்னால் போகிற பெரிய மனிதர்களைப் பார்த்து இறங்கு இறங்கு என்பார், எனக்கு மானம் போகும். நான்கு மாதம் முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வேனைக் கழுவிக்கொண்டிருந்தவர் வாளியைக் கீழே வைத்தார், படியில் உட்கார்ந்தார், எழுந்திருக்கவில்லை. அதைப் பற்றி மேற்கொண்டு இந்த மனுவில் எழுதத் தேவையில்லை.

2. அதற்கு மறுநாள்தான் பயிற்சி ஆசிரியை பள்ளிக்கு வந்து சேர்ந்தார். நாற்பது நாள் வகுப்பெடுத்துப் பழக அனுப்பப்பட்டவர். உயரம் கம்மி. கரும்பலகையின் மேல்பாதிக்குக் கை எட்டாது, பாடமே நடுவில்தான் தொடங்கும். ஆகவே ‘குட்டி டீச்சர்’. அவர் உள்ளே நுழைந்தபோது முப்பத்தேழு பிள்ளைகளும் மூச்சுவிடாமல் உட்கார்ந்திருந்தார்களாம். எவ்வளவு கட்டுப்பாடான வகுப்பு என்று மகிழ்ந்துபோனாராம். பிறகுதான் விஷயம் தெரிந்திருக்கிறது. புத்தகத்தை மூடச் சொல்லி, அத்தைக்கு என்ன சொல்லத் தோன்றுகிறதோ அதை எழுதுங்கள் என்று தாள் கொடுத்திருக்கிறார். அத்தை என்றால் நான்.

3. வீட்டுக்காரர் போன பதினேழாம் நாள் நான் வேலைக்குத் திரும்பினேன். விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு எந்த அறையிலிருந்து தொடங்குவது என்று தெரியாமல் வராந்தாவில் நின்றேன். வாய் ஓயாமல் பேசுவதால் சில்வண்டு என்று பெயர் வாங்கிய பெண் ஓடி வந்து, வாழ்நாளில் முதல் தடவையாக ஒன்றும் பேசாமல், ஒரு தாளை நீட்டினாள். அதில் இருந்தது இது: “அத்தைக்கு, இறங்கு மாமா இறந்ததற்கு எங்கள் வகுப்பின் சார்பில் ஆழ்ந்த இறங்கல்.”

ஐயா, சின்ன ர போட்டு ‘இரங்கல்’ என்று ஒரு வார்த்தை இருப்பது அன்றைக்கு எனக்குத் தெரியாது. இறங்கல் என்றால் வேனிலிருந்து இறங்குவது என்றே படித்தேன். படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பதினேழு நாளில் அதுதான் முதல் சிரிப்பு. “சரியாத்தாண்டி எழுதியிருக்க. எல்லாரையும் இறக்கி விட்டுட்டு கடைசில அவர் இறங்கிட்டாரு” என்று சொன்னேன். அவளும் சிரித்தாள். பிறகு இருவரும் கொஞ்சம் அழுதோம்.

அதற்குள் குட்டி டீச்சர் சிவப்புப் பேனாவோடு பதறி ஓடி வந்தார். முதல் நாள் குழப்பத்தில் கவனிக்காமல் விட்டுட்டேன், மன்னிச்சிடுங்கக்கா, ஒரு நிமிஷத்தில் திருத்திடுறேன் என்றார். நான் தாளை விடவில்லை. “இதுல கை வைக்காதீங்க டீச்சர். வேணும்னா செவுத்துல ஒட்டுங்க” என்றேன். ஆகவே சுவரில் ஒட்டச் சொன்னது நான். இதை விரிவுரையாளர் என்னிடம் கேட்கவில்லை.

4. அந்தத் தாளுக்குப் பக்கத்தில் மறுநாளே ஒரு அட்டை முளைத்தது: ‘இன்றைய நல்ல தப்பு’. தினமும் கடைசி மணியில் பிள்ளைகள் கைதூக்கி ஒரு தப்பைத் தேர்ந்தெடுப்பார்கள். தப்புச் செய்தவர் எழுந்து, கை எதனால் அப்படிப் போனது என்று காரணம் சொல்ல வேண்டும். பிறகு சரியான எழுத்தைப் பலகையில் எழுத வேண்டும். எல்லோரும் கைதட்டுவார்கள். காரணம் சொல்லத் தெரியாத தப்புக்குக் கைதட்டு கிடையாது. ஒருத்தி தலைமையாசிரியரைப் பற்றிக் கட்டுரை எழுதி, ‘பறந்த மனம் படைத்தவர்’ என்று முடித்திருந்தாள். பரந்த மனம் என்று வரவேண்டுமாம். தலைமையாசிரியர் அம்மாவே வந்து பார்த்தார். “பறக்கத்தான் ஆசை, ஃபைல் எங்க விடுது” என்று சொல்லிவிட்டுப் போனார். இன்னொருத்தி தன் பெரியம்மா வீட்டில் பச்சைக் கிலி வளர்ப்பதாக எழுதினாள். கிளிதான் கிலியாகிவிட்டது. பின் பெஞ்சிலிருந்து ஒரு குரல், “எங்க வீட்டுக்கும் ஒரு கிலி வரும், கணக்கு டியூஷன் மாஸ்டர்” என்றது. அன்றைக்கு அடங்கவே கால் மணி நேரம் ஆயிற்று. நானும் வாசற்படியில் உட்கார்ந்து சிரித்தேன். வேலை நேரம்தான், மறைக்க விரும்பவில்லை. அந்தப் படியில் உட்கார்ந்துதான் நாற்பது வருடமாக வராத ‘ற’ எனக்கு முக்கால்வாசி வந்தது.

5. இதனால் பிள்ளைகள் தப்பையே கற்றுக்கொள்வார்கள் என்று குறிப்பாணை சொல்கிறது. இதற்கு என் பதிலை முறத்திலிருந்து சொல்கிறேன். பன்னிரண்டு வருடமாக இந்த அறையில் நான் அதிகம் கூட்டி அள்ளியது அழிரப்பர் தூள். அழித்து அழித்துத் தாள் கிழிந்து, அந்தக் கிழிசலும் பெஞ்சுக்கு அடியில் கிடக்கும். குட்டி டீச்சர் வந்து மூன்றாம் வாரத்திலிருந்து ரப்பர் தூள் பாதிக்கும் கீழே குறைந்தது, பென்சில் சீவல் இரண்டு மடங்கானது. அதாவது பிள்ளைகள் அழிப்பதைக் குறைத்து எழுதுவதைக் கூட்டினார்கள். நோட்டைப் பார்த்து மார்க் போடுகிறவர்களுக்கு இது தெரியாது, கூட்டுகிறவளுக்குத் தெரியும்.

6. அவர் எழுதி வந்த சிந்தனைக் குறிப்பேடு பள்ளியைக் குறை கூறுகிறது என்பது அடுத்த குற்றச்சாட்டு. அதில் இருப்பது எனக்குத் தெரியும். மாலையில் நான் அறையைக் கூட்டும்போது அவர் உரக்கப் படித்துக் காட்டி, “சரியா இருக்காக்கா?” என்று கேட்பார். நான் கூட்டுவதை நிறுத்திவிட்டேன் என்றால் அது நல்ல பக்கம்.

இந்த வகுப்பில் முப்பத்தொரு பேர் பென்சிலை எடுக்கும் முன் ரப்பரை எடுத்து வைக்கிறார்கள் என்று எழுதியிருந்தார். ஆவியாதல் என்றால் என்ன என்று கேட்டதற்கு ஒருத்தி கடகடவென ஒப்பித்து, நடுவில் ‘படம் மூன்றைப் பார்க்க’ என்பதையும் சேர்த்து ஒப்பித்துவிட்டு உட்கார்ந்தாள், ஈரத்துணி காய்வதும் அதுதானா என்று கேட்டால் விழித்தாள் என்று எழுதியிருந்தார். ஆசிரியர்கள் காலையில் பிள்ளைகளின் வருகை, அரசு தந்த செருப்பு, புத்தகப்பை என்று ஒவ்வொன்றின் கணக்கையும் போனில் ஏற்றி முடிக்கும்போது முதல் மணி அடித்துவிடுகிறது, அவர்களிடம் பாசம் குறையவில்லை, நேரம்தான் குறைகிறது என்று எழுதியிருந்தார். மேலதிகாரி வரும்போதெல்லாம் ஒரே மாதிரிப் பாடத்தை நடத்துவதால், ஆசிரியர் கேள்வியைக் கேட்டு முடிப்பதற்குள் பிள்ளைகள் பதில் சொல்லிவிடுகிறார்கள் என்றும் இருந்தது. இதற்கு நான் சாட்சி. அந்தப் பாடத்துக்கு எனக்கே பதில் தெரியும்.

ஆனால் முதல் பக்கத்தில் இருப்பது வேறு. “முதல் நாள் வகுப்பின் அமைதியைக் கட்டுப்பாடு என்று நினைத்தேன். அது துக்கம். இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாமலேயே நான் நல்ல மதிப்பெண் போட்டிருப்பேன்.” நான் கூட்டுவதை நிறுத்திய பக்கங்களில் இதுவும் ஒன்று. குறை சொல்வதைத் தன்னிடமிருந்து தொடங்கிய ஒருவரைத் தண்டிப்பது சரியா என்று தங்கள் முடிவுக்கே விடுகிறேன்.

7. பயிற்சியின் முப்பத்தாறாம் நாள் விரிவுரையாளர் ஐயா பார்வையிட வந்தார். கிலி விவகாரம் நடந்த நாளாகப் பார்த்து வந்தது எங்கள் கெட்ட நேரம். “இது கிளாஸா, பஸ் ஸ்டாண்டா?” என்று கேட்டார். பிள்ளைகள் எழுந்து வணக்கம் சொன்னார்கள், ஆனால் சிரிப்பை முழுங்க முடியவில்லை. சுவரைப் பார்த்தார், இறங்கல் தாளை இரண்டு முறை படித்தார், குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

8. நாற்பதாம் நாள் குறிப்பாணை வந்து அறிவிப்புப் பலகையில் ஏறியது. சான்றிதழ் கிடையாது, பயிற்சியை அடுத்த ஆண்டு மறுபடி முழுதாகச் செய்ய வேண்டும் என்று இருந்தது. பிள்ளைகள் பலகைக்கு முன்னால் கூடி எழுத்துக் கூட்டிப் படித்தார்கள். ஐயா, தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அதில் ஏழு இடத்தில் ‘பயிற்ச்சி’ என்று இருந்தது. சில்வண்டுதான் முதலில் பார்த்தாள். “ற் பக்கத்துல இன்னொரு புள்ளிக்காரர் உக்கார மாட்டாரே” என்றாள். குட்டி டீச்சர் கையால் மறைக்கப் பார்த்தார், பலகை உயரம், எட்டவில்லை. அதற்குள் கைதூக்கி எண்ணி முடித்துவிட்டார்கள்: முப்பத்தேழுக்கு முப்பத்தேழு. எழுதியவர் இல்லாததால் காரணத்தைக் குட்டி டீச்சரே சொன்னார். “அழுத்திச் சொல்ற வார்த்தை, அதான் கையும் அழுத்திடுச்சு. எனக்கே காலேஜ்ல வந்த தப்புதான்” என்றார். பிள்ளைகள் விரிவுரையாளர் ஐயாவுக்கு மனதார, நீண்ட நேரம் கைதட்டினார்கள். கேலி இல்லை என்று நான் உறுதி கூறுகிறேன். தன் வேலையைப் பறித்த தாளுக்குக்கூட காரணம் தேடிக் கொடுக்கிற ஒரு டீச்சரை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

9. இப்போது அவர் அவருடைய சித்தப்பாவின் ஜெராக்ஸ் கடையில் உட்கார்ந்திருக்கிறார். ஒரு பள்ளியில் அவருக்கு வேலை தயாராக இருக்கிறது. இந்த மாதம் இருபத்தெட்டாம் தேதிக்குள் சான்றிதழைக் காட்டாவிட்டால் அந்த இடம் வேறொருவருக்குப் போய்விடும்.

ஆகவே தங்களைப் பணிவுடன் கேட்டுக்கொள்வது: குறிப்பாணையை ரத்து செய்து, இருபத்தெட்டாம் தேதிக்கு முன் சான்றிதழ் தர உத்தரவிட வேண்டும். குறிப்பேட்டை வரவழைத்துத் தாங்களே ஒரு முறை படிக்க வேண்டும். அதிகம் இல்லை, அறுபது பக்கம்தான். பிழையை ஒட்டியது குற்றம் என்றே தாங்கள் நினைத்தால், ஒட்டச் சொன்ன என்மேல் நடவடிக்கை எடுக்கலாம். வேண்டுமானால் ஒரு மணி நேரம் வெளியே நிற்கிறேன், பழக்கம் உண்டு.

கடைசியாக ஒன்று. உத்தரவு வந்தால் தயவுசெய்து தபாலில் போட வேண்டாம். என்னைக் கூப்பிட்டுக் கொடுங்கள், இரண்டு மாடியும் ஏறி வந்து வாங்கிக்கொள்கிறேன். நல்லது ஏதாவது நடந்தால் சாயங்காலம் வேன் வந்து நின்றதும் ஓடிப்போய்ச் சொல்வேன். நான்கு மாதமாகச் சொல்ல ஆளும் இல்லை, செய்தியும் இல்லை. அந்தப் பெண் ஜெராக்ஸ் கடையில் யாருக்கோ தாள் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருக்கும்போது நான் போய் நின்று இதைச் சொல்ல வேண்டும். அந்த வேலையை எனக்குக் கொடுங்கள் ஐயா.

தங்கள் உத்தரவை எதிர்பார்த்து,
கையொப்பமிடுபவர்,
வேன் ஓட்டுநரின் மனைவி.

இடம்: ஐந்தாம் வகுப்பு அறை, கடைசி பெஞ்சு.
நாள்: பதினெட்டாம் தேதி, வெள்ளிக்கிழமை, பள்ளி விட்ட பிறகு.