தலைக்கணக்கில் நானும்

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? இங்கே சிங்கப்பூரில் டிசம்பர் மழை, குளிர்கிறது.

ஞாயிற்றுக்கிழமை ஆபீஸ் நடைக்குழுவோடு மெக்ரிட்சி காட்டுக்குப் போகக் கிளம்பினேன். வேலைக்குப் புதிது, முகங்கள் பழகவில்லை. ஸ்டேஷன் வாசலில் தொப்பியும் பையுமாக நின்றவர்களோடு சேர்ந்துகொண்டேன். பாதிக் காட்டில்தான் தெரிந்தது, அது வேறு குழு!

யாரும் என்னை யாரென்று கேட்கவில்லை. குழுவை நடத்திய சாயிரா பானு அக்கா, "வெட்கப்படாம சாப்பிடு லா தம்பி" என்று நாசி லெமாக், அதாவது தேங்காய்ப்பால் சோற்றுப் பொட்டலம் கொடுத்தார். திரும்பும்போது தலைகளை எண்ணிவிட்டு, "எல்லாரும் இருக்கோம், போலாம்" என்றார். ஓர் ஆள் கூடுதல் என்று தெரியவில்லையா, தெரிந்தும் சொல்லவில்லையா? ஒன்றும் புரியவில்லை அம்மா.

நாரத்தங்காய் ஊறுகாய் அனுப்பும்போது அவருக்கும் ஒரு பாட்டில் வையுங்கள். அடுத்த ஞாயிறும் வரச் சொன்னார். உண்மையைச் சொல்லிவிடட்டுமா? சொன்னால், அப்புறமும் என்னைச் சேர்த்து எண்ணுவாரா?

பஸ் வந்துவிட்டது.

உங்கள்
நிதீஷ்