என் மிச்சமும் உன் அம்மாவும்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நான் நலம் என்று தாராளமாக எழுதலாம். உன் அம்மாவும் நலம் என்று எழுத இந்த முறை கை வரவில்லை. போனில் சொல்லியிருக்கலாம்தான், ஆனால் நான் போனை எடுத்தாலே அவள் சமையலறை வாசலில் வந்து நின்றுகொள்கிறாள். அதனால் கல்லூரி விட்ட பிறகு ஆசிரியர் அறையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

முதலில் நீ எப்போதும் கேட்பதற்குப் பதில். ஆபரேஷன் செய்து இரைப்பையைச் சுருக்கிய நாளிலிருந்து நீ வாங்கி அனுப்பிய அந்தச் சின்னக் கிண்ணத்தில்தான் சாப்பிடுகிறேன். முட்டை, மீன், பருப்பு என்று சத்துள்ளது முதலில், அப்புறம் காய், வயிற்றில் இடம் இருந்தால் இரண்டு வாய் சோறு. கூழாகும்வரை மெல்லுகிறேன், சாப்பிடும்போது தண்ணீரைத் தொடுவதில்லை. எனக்கு உருளை என்று பெயர் வைத்த உன் பெரியப்பா போன வாரம் வந்து, "என்னடா, ஆளையே காணோம், நோயாளி மாதிரி ஆயிட்டியே" என்றார். குண்டாக இருந்தபோதும் சிரித்தார், இளைத்த பிறகும் சிரிக்கிறார். அவரைத் திருப்திப்படுத்த இந்த ஜென்மத்தில் என்னால் ஆகாது. துறைத்தலைவர் பதவியை என்னைவிட இளையவனுக்குக் கொடுத்துவிட்டு, "மூணு மாடி ஏறணும் சார், உங்களுக்குத்தான் சிரமம்" என்று அக்கறையாகச் சொன்ன முதல்வர், இப்போது நான் மூச்சு வாங்காமல் ஏறி வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். ஆபரேஷனுக்கு வராத உன் மேலும் வருத்தம் உண்டு, இன்று அதற்கு நேரமில்லை.

விஷயம் இதுதான். உன் அம்மா இன்னும் பழைய பாத்திரத்தில், பழைய அளவிலேயே சமைக்கிறாள். என் கிண்ணம் போக மீதியெல்லாம் அப்படியே கிடக்கும். கொட்ட மனசு வராது, ஃப்ரிட்ஜில் வைத்தால் பழசாகிவிடும் என்பாள், நின்றபடியே தின்று தீர்ப்பாள். நான் மென்றுகொண்டிருக்க, என் முதுகுக்குப் பின்னால் இது மாதக்கணக்கில் நடந்திருக்கிறது. நான் இழந்த எடை வீட்டைவிட்டுப் போகவே இல்லை, அவள் மேல் போய் உட்கார்ந்திருக்கிறது. தன் துணிகளைப் பிரித்துப் பிரித்துத் தைத்துக்கொள்கிறாள், அதைப் பார்த்தும் எனக்கு உறைக்கவில்லை. போன செவ்வாய்க்கிழமை அடுப்படியில் தலைசுற்றி உட்கார்ந்துவிட்டாள். சோதித்தால் சர்க்கரை தாறுமாறாக ஏறிக் கிடக்கிறது. டாக்டரம்மா, "நீங்க என்னம்மா சாப்பிடுறீங்க?" என்று கேட்டார். இவள், "நான் எங்கே டாக்டர் தனியா சாப்பிடுறேன், அவர் மிச்சம் வைக்கிறதைத்தான்" என்றாள். டாக்டரம்மா எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

வீட்டுக்கு வந்ததும் பெரிய பாத்திரத்தை அலமாரியின் உச்சியில் ஏற்றினேன். மறுநாள் பார்த்தால் சின்னப் பாத்திரத்திலேயே இரண்டு தடவை வடித்து வைத்திருக்கிறாள்! கத்தினேன். "கொஞ்சூண்டு வச்சு இறக்கினா வீட்ல யாரோ செத்துட்ட மாதிரி இருக்குங்க. உங்களை உள்ள கொண்டு போனப்போ வெளிய உட்கார்ந்து பயந்தேனே, அது அப்படியே வருது" என்றாள். மிச்சம் இருந்தால்தானே தின்பாய் என்று வீம்புக்குக் கிண்ணத்தைத் தள்ளிவிட்டுத் தட்டு நிறையப் போட்டுக்கொண்டேன். கால்வாசி இறங்குவதற்குள் நெஞ்சை அடைத்தது, வாஷ்பேசினைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் வாந்தி எடுத்தேன். அவள் முதுகைத் தடவிவிட்டாள். முகம் கழுவிக்கொண்டு திரும்பி வருகிறேன், நான் விட்ட தட்டின் முன்னால் நின்று அழுதுகொண்டே அதைச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறாள். அப்போது எனக்குக் கோபம் வரவில்லை, பயம்தான் வந்தது. இப்படி அடைத்தால் சுருக்கிய இரைப்பை மறுபடி விரிந்துவிடும் என்று ஆஸ்பத்திரியில் சாப்பாட்டு அளவு சொல்லித்தரும் பெண்மணி போனிலேயே என்னைத் திட்டினார். ஆக, நான் சாப்பிட்டால் நான் விழுவேன், சாப்பிடாவிட்டால் அவள் விழுவாள்.

ஞாயிறுதோறும் வீடியோவில் வந்து, "அப்பா கிண்ணத்தைக் காட்டும்மா" என்கிறாய், அவளும் ஓடி வந்து பெருமையாகக் காட்டுகிறாள். அவள் தட்டைக் காட்டச் சொல்லி நீயும் கேட்டதில்லை, நானும் கேட்டதில்லை. அந்தக் கிண்ணத்தில் கொஞ்சம் பெரியது ஒன்று கிடைத்தால் அவளுக்கு அனுப்பு. என் அளவு அவளுக்குப் போதாது, அவள் வயிற்றை யாரும் அறுக்கவில்லை. உட்கார்ந்து சாப்பிடச் சொல். நான் சொன்னால் அதிகாரமாகத் தெரிகிறது, நீ சொன்னால் பாசமாகத் தெரியும். அந்த அநியாயத்தையும் பொறுத்துக்கொள்கிறேன்.

இன்று காலை அவளுக்கும் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டேன். உட்கார்ந்தாள். அளவாகத்தான் போட்டுக்கொண்டாள், கண் மட்டும் பாத்திரத்தின் மேலேயே இருந்தது. நான் செருப்பு மாட்டும்வரை மூடி திறக்கும் சத்தம் கேட்கவில்லை. அதற்குப் பிறகு என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது.

நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல் நீண்ட காலம் வாழ வேண்டும். நான் எழுதியதை அவளிடம் சொல்லிவிடாதே. ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டதும் என்னைக் கேட்காதே, அவளைக் கேள்.

உன் அப்பா