இரண்டாவது கேள்வி

பிப்ரவரி 3, செவ்வாய்

இன்று எனக்கு எழுபத்து நான்கு வயதும் ஐந்து மாதமும். பிறந்தநாள் அல்ல, வெறும் செவ்வாய். வாரத்தில் மூன்று பேர் என்னோடு சேர்ந்தாற்போல் பேசுகிற நாள் இது ஒன்றே. அவர்களைவிட நான் எவ்வளவு மூத்தவள் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு பேசுவது இரு தரப்புக்கும் நல்லது.

பல்கலைக்கழகத்தின் ஒலியியல் கூடத்தில் வேலை பார்த்த காலத்தில், எழுத்தை வாய்விட்டு வாசிக்கும் ஒரு மென்பொருளைத் தொடங்கினேன். பார்வையற்றோர் அதைக் கணினியில் இலவசமாகப் போட்டுக்கொள்ளலாம். ஓய்வோடு சம்பளம் நின்றது, வேலை நிற்கவில்லை. இன்று அதைப் பராமரிப்பவர்கள் என்னையும் சேர்த்து நான்கு பேர்; செவ்வாய்தோறும் தொலைபேசி அழைப்பில் கூடுவோம். தலைமை வகிப்பவரை மனத்துக்குள் 'அவசரம்' என்று அழைக்கிறேன். காரணம் சொல்லத் தேவையில்லை.

"மேடம், ஸ்டார்ட் ஆகும்போது ஒரு விசாரணைக் கமிஷன் வச்சிருக்கீங்களே, அத கொஞ்சம் சுருக்கிட்டேன்" என்றார்.

"எவ்வளவு சுருக்குனீங்க?"

"ரெண்டு கேள்விய ஒண்ணாக்கிட்டேன். ப்ராசஸரே 'எனக்குத் தெரியும்'னு சொல்லும்போது இன்னொருத்தர எதுக்குக் கேக்கணும்?"

நுண்செயலிகள் எல்லாம் ஒரே வகுப்பில் படித்தவை அல்ல. சில, ஓர் ஆணைக்கு ஓர் எண்ணைப் பெருக்கும். சில, 'அகல ஆணை' ஒன்றால் எட்டு எண்களை ஒருசேரப் பெருக்கும். எங்கள் மென்பொருள் எவருடைய கணினியில் போய் இறங்கும் என்று முன்கூட்டித் தெரியாது. ஆகவே ஓடத் தொடங்கும் கணத்தில் முதல் கேள்வி நுண்செயலிக்கு: உனக்கு அகல ஆணைகள் தெரியுமா? இரண்டாவது கேள்வி இயங்குதளத்துக்கு: அந்த ஆணைகள் புழங்கும் அகலமான பதிவகங்களை, அதாவது எண்களைத் தற்காலிகமாக வைக்கும் இடங்களை, நீ பாதுகாத்துத் தருவாயா? ஒரு நிரலை நிறுத்திவைத்து இன்னொன்றை ஓட்டும்போதெல்லாம், முன்னது பாதியில் விட்டுப்போன எண்களைப் பத்திரப்படுத்த வேண்டியது இயங்குதளத்தின் பொறுப்பு. பழைய இயங்குதளத்துக்கு அகலப் பதிவகங்கள் இருப்பதே தெரியாது, எனவே அவற்றைத் திறந்தும் விடாது. இருவரும் 'ஆம்' என்றால் வேகமான வழி, ஒருவர் மறுத்தாலும் நிதானமான வழி. கேட்காமல் கைவைத்தால் நிரல் அதே இடத்தில் செத்து விழும்.

இதையெல்லாம் அவசரத்திடம் சொல்ல நேரமில்லை. "வாடகைக்கு இருக்கறவகிட்ட செவுத்துல ஆணி அடிக்கலாமான்னு கேட்டா, தாராளமா அடின்னுதான் சொல்லுவா. செவுரு யாரோடது?" என்று மட்டும் கேட்டேன்.

"இப்பல்லாம் எல்லாருமே சொந்த வீடு மேடம்" என்றார். மற்ற இருவரும் சிரித்தார்கள். நல்ல பதில்தான். தவறான பதில்களிலும் நல்லவை உண்டு.

பிப்ரவரி 5

நேற்று முழுவதும் நான் உச்சரித்த ஒரே சொல் "வேண்டாம்". வாசலில் எதையோ விற்க வந்தவனிடம்.

பிப்ரவரி 8, ஞாயிறு

தங்கை வந்தாள். வழக்கமான விண்ணப்பம்.

"மாடி ரூம் சும்மாத்தானே கெடக்கு. வந்துடேன்க்கா."

"சும்மா கெடக்கட்டும். ரூமுக்கும் நிம்மதி வேண்டாமா?"

"தனியா இருந்து யாருக்கு என்னத்த நிரூபிக்கப் போற?"

"உனக்குத்தான். வேற யாரு கேக்கறா?"

அவள் கோபித்துக்கொள்வதில்லை. என்னைவிட ஒன்பது ஆண்டு இளையவள். நான் விழும் நாளுக்காகக் காத்திருக்கும் பொறுமை அவளிடம் இருக்கிறது, அன்பு கலந்த பொறுமை. அதுதான் அச்சுறுத்துகிறது. இந்த இரண்டு அறைகளில் எது எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அவள் வீட்டில் எது எங்கே என்று அவளுக்கே தெரியாது.

போகும்போது அடுக்களையை 'ஒழுங்குபடுத்தி'விட்டுப் போனாள். உப்பைத் தேடி எடுப்பதற்குள் சோறு ஆறிவிட்டது.

பிப்ரவரி 17, செவ்வாய்

புதிய பதிப்பு வெளியாயிற்று. வாக்கெடுப்பில் என் பக்கம் நான் மட்டும் நின்றேன். தொடங்கும் நேரம் இமைப்பொழுதில் ஒரு பங்கு குறைந்திருக்கிறதாம். அந்தப் பங்கை மிச்சம்பிடித்து அவர்கள் என்ன செய்யப்போகிறார்கள் என்று கேட்டேன். சிரிப்பு எதுவும் வரவில்லை.

பிப்ரவரி 20

இடையில் எழுதவில்லை. எழுத முடியவில்லை.

ஒரு பயனரைப் பற்றிச் சொல்ல வேண்டும். வயதானவள், தனியாக இருப்பவள், பிடிவாதக்காரி. எனக்கு அவளை அவ்வளவாகப் பிடிக்காது. அவளுடைய நுண்செயலிக்கு அகல ஆணைகள் தெரியும். ஆனால் இயங்குதளம் பழையது. நேற்று முன்தினம் புதிய பதிப்பு தானாகவே வந்து அமர்ந்துகொண்டது. காலையில் கணினியை முடுக்கினாள். விசிறி சுழன்றது. பேச்சு இல்லை. மறுபடியும் முடுக்கினாள். பேச்சு இல்லை.

நடந்தது இதுதான். எங்கள் மென்பொருள் கேட்டது, நுண்செயலி "தெரியும்" என்றது, வேகமான வழியில் முதல் அடி வைத்ததுமே நிரல் செத்தது. திரையில் 'செல்லாத ஆணை' என்று ஒரு செய்தி வந்திருக்கும். யாருக்காக வந்தது அது? அதைப் படிக்க முடிகிறவளுக்கு எங்கள் மென்பொருள் எதற்கு?

இரண்டு பகல் அந்த வீட்டில் ஒரு குரலும் இல்லை. பிறகு, விசைகளை நினைவிலிருந்தே ஒவ்வொன்றாகத் தட்டி, என்ன நடக்கிறது என்று அறியாமலே, பழைய பதிப்பை மீட்டெடுத்தாள். கிணற்றுக்குள் கல் போட்டுவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டிருப்பதுபோல. நான் அவளைப் பாராட்டவில்லை. பாராட்டினால் தலைக்கேறும்.

பிப்ரவரி 24, செவ்வாய்

"ரிலீஸ் பண்ணி ஒரு வாரம் ஆச்சு. ஒரு கம்ப்ளெயின்ட்கூட வரல மேடம்" என்று அவசரம் பூரித்தார்.

"எப்படி வரும்? வாயப் பொத்திட்டு, யாரும் கத்தலையேங்கறீங்க."

"சரி, யாருக்குப் போச்சு? ஒருத்தரக் காட்டுங்க."

"ஒரு அம்மா சொன்னாங்க."

"யாரு மேடம் அது? எந்த மெஷினு?"

"பேரச் சொல்ல வேண்டாங்கறாங்க."

சோதனைப் பொறுப்பில் இருக்கும் பெண் மெதுவாகக் குறுக்கிட்டாள். "ஓ.எஸ்ஸ மாத்திக்கச் சொல்லலாமே மேடம்? அது ரொம்பப் பழசு."

கண்ணால் பார்த்து வேலை செய்கிறவர்களுக்கு அது எளிது. காதால் பழகியவர்கள், எந்த விசையைத் தட்டினால் எது வரும் என்று ஆண்டுக்கணக்கில் விரல்களுக்குச் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். புதிய இயங்குதளம் எல்லாவற்றையும் இடம் மாற்றிவைத்துவிடும். அதனால் மாற்றமாட்டார்கள். ஆகவே இந்தப் பிழை யாரைத் தாக்கும்? எங்கள் பயனர்களையே. அதுவும், சொல்ல முடியாதபடி.

இதைச் சொன்னேன். அவசரம் யோசித்தார், அது அவருக்குப் பழக்கமில்லாத வேலை. பிறகு சொன்னார்: "மேடம், நீங்க போட்ட ரூல்தானே? பிழை வர்ற மெஷின் கையில இல்லாம ஒரு வரிகூட மாத்தக் கூடாதுன்னு. அந்த அம்மாவ ஒரு செவ்வாக்கிழம கூட்டிட்டு வாங்க. அன்னைக்கே மாத்திடறேன்."

விதியை வகுத்தவள் நான்தான். நல்ல விதி. ஊகத்தின்பேரில் நிரலைத் திருத்துகிறவர்களை நானே அந்தக் காலத்தில் கூடத்தை விட்டு வெளியே அனுப்பியிருக்கிறேன்.

மார்ச் 1, ஞாயிறு

அந்த அம்மாள் ஏன் வாயைத் திறக்க மறுக்கிறாள்?

திறந்தால் இரண்டு போகும் — வேலை, வீடு. 'அப்படியா மேடம்? பாவம், நீங்க ரெஸ்ட் எடுங்க, நாங்க பாத்துக்கறோம்' என்பார்கள். திட்டமாட்டார்கள், அதுதான் கஷ்டம். திட்டினால் திருப்பித் திட்டலாம், பாவம்னு சொன்னா என்னத்தச் சொல்றது? அப்புறம் செய்தி எப்படியாவது உறவுக்காரர் காதுக்குப் போகும். மறுநாளே வாசலில் வண்டி நிற்கும். மாடி அறையில் கட்டிலும் காற்றாடியும் வேளாவேளைக்குச் சாப்பாடும். எதையும் தானாக எடுக்கவிட மாட்டார்கள். 'நீ உக்காருக்கா.' சாகற வரைக்கும் உக்காரு.

அவள் வாயை மூடிக்கொண்டிருப்பது நியாயமே. மற்றவர்கள் என்ன ஆனால் அவளுக்கென்ன?

— ஆனாலும்.

மார்ச் 3, செவ்வாய்

அவசரத்துக்குக் காய்ச்சல். கூட்டம் இல்லை. இந்த வாரத்துக்குச் செவ்வாய் கிடையாது.

மார்ச் 6

எங்கள் பயனர் மன்றத்தில் ஒருவர் உண்டு. வாரம் தவறாமல் வந்து குறை சொல்வார். 'ழ'கரம் சரியில்லை, எண்களை விழுங்குகிறது, பெருமூச்சு விடுவதுபோல் நிறுத்துகிறது. புகார்ப்பெட்டி என்று நான் வைத்த பெயர். பதில் எழுதி எழுதி எனக்கு அலுத்துப்போயிருந்தது.

இன்றுதான் உறைத்தது. புதிய பதிப்புக்குப் பிறகு அவர் எழுதவேயில்லை. அவர் திருப்தியடைந்துவிட்டார் என்று அவசரம் நினைப்பார். அந்த மனிதர் திருப்தியடைகிறவர் அல்லர். எங்கோ ஓர் அறையில் விசைப்பலகையின் முன் உட்கார்ந்து, கணினி பழுதாகிவிட்டது என்றோ, காது மந்தமாகிவிட்டது என்றோ நினைத்துக்கொண்டிருப்பார். யாரிடம் கேட்பார்? கேட்க யாராவது இருந்தால் எங்களிடம் வாரந்தோறும் 'ழ'கரம் பற்றிப் பேசுவாரா?

தனிமையில் இருக்கிறவன் குரல் எனக்குத் தெரியும். எழுத்திலும் தெரியும்.

மார்ச் 10, செவ்வாய்

கூட்டம் தொடங்கியதும் அவசரம் கேட்டார்: "அந்த அம்மா வர்றேன்னாங்களா மேடம்?"

"வந்தாச்சு. பேசிட்டிருக்கா."

யாருக்கும் விளங்கவில்லை.

"பிழை வர்ற மெஷின் என் மேசையிலதான் இருக்கு. இப்ப புதுப் பதிப்பப் போடறேன். கேளுங்க."

போட்டேன். கேட்டார்கள். கேட்பதற்கு ஒன்றுமில்லை என்பதைக் கேட்டார்கள்.

"ஓ, டெஸ்ட் பண்றதுக்காகப் பழைய ஓ.எஸ். வச்சிருக்கீங்களா?" என்றாள் சோதனைக்காரி.

"டெஸ்ட் பண்ண இல்ல. படிக்க."

 யாருடைய வீட்டிலோ குழாய் சொட்டுவது கேட்டது. அவசரம்தான் முதலில் பேசினார், இந்த முறை அவசரமில்லாமல்.

"போன மாசம் என் கோட்ல ஒரு அரைப்புள்ளி விட்டுப்போச்சுன்னு சொன்னீங்களே…"

"காதால கேட்டுத்தான்."

"நான் அத நாலு தடவ பாத்தேன் மேடம்."

"அது உங்க கண்ணுல கோளாறு."

யாரோ சிரிக்க ஆரம்பித்து, சிரிக்கலாமா என்று தயங்கி நிறுத்தியது கேட்டது. அவர் மன்னிப்புக் கேட்கத் தொடங்கினார். இரண்டாவது கேள்வியை முதலில் திருப்பி வையுங்கள், மற்றதைப் பிறகு பார்க்கலாம் என்றேன். கூட்டம் முடியும் முன்பே வைத்தார். இரவுக்குள் புதிய பதிப்பு எல்லாக் கணினிகளுக்கும் தானாகவே போய்ச் சேரும், பேசாத கணினிகளுக்கும் சேர்த்து. எத்தனை பேர் வீட்டில் காலையில் குரல் திரும்பும் என்று தெரியாது. தெரிய வழியும் இல்லை.

'பாவம்' என்ற சொல் வரவில்லை. "அடுத்த செவ்வா வழக்கம்போல மேடம்" என்று சொல்லித் துண்டித்தார். எதிர்பார்த்ததைவிடப் புத்திசாலி. கண்ணாடி மாற்றினால் சரியாகிவிடும் என்று நம்பும் தங்கையிடம் ஞாயிறன்று நானே சொல்வேன், அவள் அடுக்களைக்குள் நுழையுமுன். மாடி அறைக்குப் போகமாட்டேன் என்பதையும் அதே மூச்சில்.

இங்கேயும் இத்தனை நாள் 'அந்த அம்மாள்' என்றுதான் எழுதிவந்தேன். வெட்கத்தால் அல்ல. நான் தட்டுகிற ஒவ்வொரு வரியையும் இந்தக் கணினி எனக்கு வாசித்துக் காட்டும். இந்த வீட்டில் என்னோடு இருக்கும் ஒரே குரல் அது. ஒரே ஒரு வாக்கியத்தை மட்டும் அதன் வாயால் கேட்க நான் விரும்பவில்லை. இப்போது தட்டினேன். நிதானமான வழியில், ஏற்ற இறக்கமின்றி, வேறெந்த வாக்கியத்தையும்போல அது வாசித்தது: நான்கு ஆண்டுகளாக எனக்குக் கண் தெரியாது.