இட்லிக்குப் பிறகு பத்து வரி

என்னங்க,

இன்று காலை மாற்கு சுவிசேஷத்தைத் திறந்தபோது உங்கள் கட்டைவிரல் தெரிந்தது. பொடி தொட்ட இட்லியைச் சாப்பிட்டுவிட்டு, கையைச் சரியாகத் துடைக்காமலே பக்கத்தைத் திருப்புவீர்களே, அந்த நல்லெண்ணெய்க் கறை. பின்பக்கத்து எழுத்து தெரியும் அளவுக்குத் தாள் கண்ணாடியாகியிருந்தது. முகர்ந்து பார்த்தேன். எண்ணெய் வாசனை எப்போதோ போய்விட்டது. ஆனாலும் முகத்தை எடுக்க மனம் வரவில்லை.

நான் ஜனவரி வாசகி. புத்தாண்டு ஆராதனை முடிந்து சிட்லபாக்கம் வீட்டுக்கு வந்த கையோடு ஆதியாகமத்தில் ஆரம்பிப்பேன். லேவியராகமத்தில் பலிகளும் சட்டங்களும் வரத் தொடங்கியதும் பைபிள் அலமாரிக்குப் போய்விடும். நீங்கள் அதுவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் கேட்பதே போதும் என்பீர்கள். என்னைக் கிண்டல் செய்வதில் மட்டும் குறை வைத்ததில்லை. “வருஷா வருஷம் உலகத்தப் படைச்சி, ஜனங்கள எகிப்துலேர்ந்து வெளிய கூட்டிட்டு வந்து, பாலைவனத்துல அப்படியே விட்டுட்டுப் போயிடுறியேம்மா. பாவம் இல்ல அவங்க?”

பேச்சுதான் உங்கள் பிழைப்பு. மருந்து கம்பெனி ரெப்பாக பல்லாவரத்திலிருந்து கூடுவாஞ்சேரி வரை எத்தனை கிளினிக் வாசலில் காத்திருந்து, எத்தனை டாக்டர்களைச் சிரிக்க வைத்திருப்பீர்கள்! ஓய்வுபெற்ற பிறகும், தள்ளுவண்டிக்காரரிடம் ஊர்க்கதை பேசாமல் நீங்கள் வெண்டைக்காய் வாங்கி நான் பார்த்ததில்லை.

பக்கவாதம் வலது கையை மட்டும் எடுத்துக்கொண்டு போயிருந்தால் சமாளித்திருப்பீர்கள். பேச்சையும் சேர்த்து எடுத்துக்கொண்டது. நாங்கள் சொல்வதெல்லாம் புரிந்தது. காபி வேண்டும் என்று கேட்க முடியவில்லை. “அது... அது...” என்று தொடங்கி, சொல் கிடைக்காமல் மேசையைக் குத்துவீர்கள். கெட்ட வார்த்தை ஒன்று மட்டும் தடங்கலில்லாமல் வந்தது. அதைக் கேட்டு நம் மகள் சிரித்தாள். சமையலறைக்குள் போய் அழுதாள்.

யார் பார்க்க வந்தாலும் சுவர்ப்பக்கம் திரும்பித் தூங்குவதுபோல் படுத்துக்கொண்டீர்கள். அப்படித்தான் ஒரு நாள் சர்ச் கமிட்டிக்காரர் ஒருவர் வந்து உட்கார்ந்தார். “இவ்ளோ நாள் வேதத்தத் தொடாம இருந்தாரு. இப்ப ஆண்டவர் வாய அடைச்சிட்டு, கேளுன்னு சொல்றாரு சிஸ்டர்” என்றார். டீ டம்ளரை அவர் பக்கம் நகர்த்தி வைத்தேன்.

“டீ ஆறுது பிரதர். குடிச்சிட்டுக் கிளம்புங்க” என்றேன்.

அவர் போனபின் திரும்பிப் பார்த்தால், சுவரைப் பார்த்தபடி உங்கள் தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. அழுகிறீர்கள் என்று நினைத்து ஓடி வந்தேன். சிரித்துக்கொண்டிருந்தீர்கள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு முதல் சிரிப்பு.

குரோம்பேட்டையில் பேச்சுப் பயிற்சி கொடுத்த பெண்ணை நினைவிருக்கிறதா? “நிறைய வேணாம் ஆன்ட்டி. தினமும் ஒரே நேரம், ஒரே இடம், கொஞ்சமா சத்தம் போட்டுப் படிக்க வைங்க. நடுவுல ஒரு நாள் விட்டுப்போச்சுன்னா பரவால்ல, மறுநாள் படிங்க” என்றாள். செய்தித்தாளைக் கொடுத்தேன். இரண்டாவது வரியில் சிக்கி, கசக்கி எறிந்தீர்கள். வாரப் பத்திரிகைக்கும் அதே கதிதான்.

ஒரு காலையில் எனக்கு வேறு வழி தெரியவில்லை. சின்ன வயதில் சண்டே ஸ்கூலில் பைபிள் சங்கீதம் ஒப்பித்து எவர்சில்வர் டிபன் பாக்ஸ் பரிசு வாங்கினேன் என்று பெருமை அடித்துக்கொள்வீர்களே, அது ஞாபகம் வந்தது. மேய்ப்பன் சங்கீதத்தின் முதல் சொல்லைச் சொன்னேன். உங்கள் உதடு அசைந்தது. இரண்டாவது சொல்லில் என்னோடு சேர்ந்துகொண்டீர்கள். மூன்றாவதில் நான் நிறுத்திவிட்டேன், நீங்கள் நிறுத்தவில்லை. ‘காபி’ என்று சொல்ல முடியாத நாக்கு ‘தாழ்ச்சியடையேன்’ என்று சொன்னது. கடைசி வரி வரை போய்விட்டு, நீங்களே அதிர்ந்துபோய் என்னைப் பார்த்தீர்கள்.

“அதெல்லாம் அப்பவே மனப்பாடம் பண்ணது ஆன்ட்டி, உள்ள பத்திரமா இருக்கும். இனிமே தெரியாதத படிக்க வைங்க” என்றாள் அந்தப் பெண்.

சின்னதாக இருக்கிறதே என்று மாற்கை எடுத்தோம். காலை இட்லி முடிந்ததும், தட்டைக்கூட எடுக்காமல், அதே மேசையில் பத்து வரி. உங்கள் இடது விரல் எழுத்தின் கீழே நகரும். தடுக்கினால் காத்திருப்பேன். எடுத்துக் கொடுத்தால் முறைப்பீர்கள். ரொம்பத் தடுக்கினால் அந்தக் கெட்ட வார்த்தை வரும்; பிறகு வசனம் தொடரும். மகள் வந்தால், காய்ச்சல் வந்தால் விட்டுப்போகும். விட்டதை ஈடுகட்ட இருபது வரி படித்ததில்லை. நான் தோசைக்கல்லோடு நின்று நேரமாக்கினால் நீங்கள் ஸ்பூனால் மேசையைத் தட்டிக் கூப்பிடுவீர்கள். வாழ்நாளெல்லாம் ஜனவரியில் தொடங்கிப் பிப்ரவரியில் நின்றவளுக்கு, அந்தத் தட்டல்தான் பழக்கம் ஆனது.

ஏழாம் அதிகாரத்தில், காது கேளாத, வாய் திக்கும் ஒரு மனிதனை இயேசுவிடம் கொண்டு வருகிறார்கள். அந்தப் பக்கம் வரப்போவது எனக்குத் தெரியும். உங்களுக்கு வலிக்குமோ என்று பயந்து, இரண்டு தாளைச் சேர்த்துத் திருப்பப் பார்த்தேன். என் கையைப் பிடித்து நிறுத்தினீர்கள். நீங்களே வாசித்தீர்கள். அவனுடைய நாக்கின் கட்டு அவிழ்ந்தது என்ற இடம் வந்ததும், பைத்தியக்காரி மாதிரி நான் உங்கள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றும் நடக்கவில்லை. தெருவில் தண்ணீர் கேன் வண்டி ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

நீங்கள் சில வரிகள் மேலே போய் ஒரு இடத்தில் விரலை வைத்தீர்கள். அவனைச் சுகமாக்குவதற்கு முன்னால், கூட்டத்தைவிட்டுத் தனியே அழைத்துப் போனார் என்ற இடம். எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன்; ஒரு தடவைகூட அங்கே நின்றதில்லை. நாலு பேர் வேடிக்கை பார்க்க அவன் திக்கித் திணற வேண்டாம் என்று நினைத்திருக்கிறார். உங்கள் விரல் மேசையைத் தொட்டது, என்னைத் தொட்டது, உங்கள் நெஞ்சைத் தொட்டது.

“நம்ம...” என்றீர்கள். முகமெல்லாம் சிவந்தது. நான் எடுத்துக் கொடுக்கவில்லை. “நம்ம... மாதிரி.”

மனப்பாடம் இல்லை, தாளில் இல்லை. நீங்களாகத் தேடி எடுத்த சொல்.

அதன்பிறகு சொற்கள் ஒவ்வொன்றாக வந்தன. பழைய பேச்சு திரும்பவே இல்லை. ஆனால் யாராவது வந்தால் சுவர்ப்பக்கம் திரும்புவது நின்றது. “வாங்க... டீ” என்று சொல்லும் அளவுக்கு வந்தீர்கள். மாற்கை முடித்து லூக்காவின் நடுவில் இருந்தபோது பக்கவாதம் இரண்டாவது தடவை வந்தது. இந்த முறை அது உங்களையே எடுத்துக்கொண்டது.

சில மாதம் நான் அந்த மேசையில் உட்காரவே இல்லை. அடுப்படியில் நின்றபடியே சாப்பிட்டேன். பிறகு ஒரு காலையில், நாம் நிறுத்திய வரிக்கு அடுத்த வரியிலிருந்து தொடங்கினேன். என் குரல் மட்டும் தனியாகக் கேட்டது. பத்து வரி முடியவில்லை, மூன்றோடு நிறுத்தினேன். மறுநாளும் உட்கார்ந்தேன்.

போன வாரம் சர்ச்சில் பெண்கள் ஐக்கியக் கூட்டத்தில் என்னை வேதபாடம் வாசிக்கச் சொன்னார்கள். முடித்துவிட்டு வந்து உட்கார்ந்ததும் பக்கத்திலிருந்தவள், “ஏன்க்கா, கண்ணு தெரியலையா? இவ்ளோ மெதுவா வாசிக்கிறீங்க” என்றாள்.

கண் நன்றாகத்தான் தெரிகிறது. முன்பெல்லாம் வரிகளை விழுங்கிக்கொண்டு ஓடுவேன், உங்களுக்குத் தெரியும். இப்போது வேகமாக வாசிக்க வரவில்லை. நீங்கள் தடுக்கிய சொற்களிலெல்லாம் என் நாக்கும் தானாக நின்றுவிடுகிறது. நின்றால்தான் அந்தச் சொல் என் காதில் விழுகிறது.