ஆட்டின் ஈரலில் கண்ட புழு

அனுப்புநர்:
சி. ஐயாசாமி,
தேங்காய் உரிக்கும் தொழிலாளி,
கீழ்த்தெரு, குருக்கம்பாளையம்,
பொள்ளாச்சி வட்டம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
கோயம்புத்தூர்.

பொருள்: வாய்க்கால் வழியாக ஆடுகளுக்கும் மனிதர்களுக்கும் பரவும் ஈரல் புழு நோய் – என் மனைவிக்கு மருந்தும் ஊருக்குப் பாதுகாப்பும் வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. சென்ற ஆடியில் என் மனைவி செவ்வந்திக்கு மஞ்சள் காமாலை கண்டது. ஊர் வழக்கப்படி வாய்க்கால் ஓரத்துக் கரிசலாங்கண்ணியைப் பறித்து, வேகவைக்காமல் அரைத்து, மோரில் கலக்கிக் கொடுத்தோம். காமாலை இறங்கியது. அந்த வாய்க்காலைக் கும்பிடாத குறைதான்.

2. ஐப்பசியில் எங்கள் வெள்ளாடு ஒன்றுக்குத் தாடைக்குக் கீழே பை போல வீங்கியது. சாகுமுன் அறுத்துவிடலாம் என்று கறிக்கடை வேங்கடசாமியிடம் கொண்டுபோனேன். அவர் ஈரலைப் பிளந்து காட்டினார். பூசணி விதை போலத் தட்டையான புழுக்கள் நெளிந்தன. கெட்ட ஈரல் எதுவானாலும் செய்வதுபோல் அதையும் வாய்க்காலில் வீசினார். அதில் தவறிருப்பதாக எங்கள் எவருக்கும் தோன்றவில்லை.

3. தை பிறந்ததும் செவ்வந்திக்கு வலது விலாவுக்குக் கீழே பொறுக்க முடியாத வலி. கோவையில் ஓர் ஆஸ்பத்திரியில் பித்தக்குழாயில் கல் என்று நினைத்து ஆபரேசன் செய்தார்கள். முடிந்ததும் டாக்டர் ஒரு கண்ணாடிக் குப்பியைக் காட்டி, கல் இல்லை, உள்ளே இதுதான் இருந்தது என்றார். ஐயா, அதை நான் ஏற்கெனவே பார்த்திருந்தேன். ஆட்டின் ஈரலில் நெளிந்த அதே புழு. மனித உடம்பில் அது இருக்கும் என்று கனவிலும் நினைக்கவில்லை.

4. நோயுற்ற ஆட்டின் புழுக்கையிலும் ஈரலிலும் உள்ள முட்டைகள் தண்ணீரில் சேர்ந்து, நத்தைக்குள் வளர்ந்து, கரையோரக் கீரையில் ஒட்டிக்கொள்ளும் என்றார் டாக்டர். மருந்தென்று நாங்கள் கொடுத்ததில்தான் புழு போயிருக்கிறது. இதை ஊரில் சொன்னால், உயிர் காத்த கீரையைப் பழிக்காதே என்று என்னை ஏசுகிறார்கள். நேற்றும் பக்கத்து வீட்டு மாசாணியம்மாள் காமாலை கண்ட மகளுக்காக அதே கரையில் பறித்துக்கொண்டிருந்தார். தடுத்தும் கேட்கவில்லை.

5. செவ்வந்தியின் ஈரலில் இன்னும் புழுக்கள் உள்ளன. மனிதருக்கான மாத்திரை இங்கே கிடைக்கவில்லை, அரசு முயன்றால் வரவழைக்கலாம் என்கிறார் டாக்டர். சுகாதார நிலையத்தில் கேட்டேன். இது ஆட்டு நோய் என்றார்கள். கால்நடை மருந்தகத்தில் கேட்டேன். மனிதருக்கு நாங்கள் பார்ப்பதில்லை என்றார்கள். இரண்டு இடத்திலும் மரியாதையாகத்தான் சொன்னார்கள். அதே நோய் கண்டிருந்த மற்ற ஆடுகளுக்கு மட்டும் ஒரு புட்டி மருந்து கிடைத்தது. அவை தேறிவிட்டன.

6. ஆகவே, இரு துறைக்கும் மேலான தாங்கள் அந்த மாத்திரையைத் தருவித்துத் தரவும், வாய்க்கால் கீரையைப் பச்சையாக உண்ணக் கூடாதென்று தண்டோரா போடவும், கெட்ட ஈரலைத் தண்ணீரில் வீசாமல் புதைக்கவும் ஆணையிடக் கோருகிறேன். கீழ்த்தெருவில் அந்தச் சாற்றைக் குடித்த அனைவரையும் பரிசோதிக்கவும் வேண்டும்.

7. முந்தாநாள் செவ்வந்தி, "ஏனுங்க, ஆட்டுக்கு ஊத்தற மருந்தையே எனக்கும் கொஞ்சம் ஊத்திப்போடுங்க" என்று கேட்டாள். அளவு தெரியாமல் கொடுத்தால் உயிருக்கே ஆபத்து என்று டாக்டர் எச்சரித்திருப்பதால் புட்டியைப் பெட்டியில் வைத்துப் பூட்டியிருக்கிறேன். பகலில் நான் தோப்புக்கு வேலைக்குப் போயாக வேண்டும். வலி தாளாமல் அவள் அந்தப் பூட்டை உடைப்பதற்குள் தங்கள் உத்தரவு வந்து சேர வேண்டும் ஐயா.

இடம்: குருக்கம்பாளையம்
நாள்: 17.2.1997

இப்படிக்கு,
சி. ஐயாசாமி
(கையொப்பம்)